மச்சாள் விட்டுப்போன டப்னி

"செடிகொடிகளைத் தன் பிள்ளைகளாகப் பாவித்து, அவற்றோடு கதைத்துக் களித்து, இயற்கையின் மடியில் ஓய்வுகாலத்தை இனிது கழித்துவரும் இல்லத்தரசி" என்று மீனாம்பிகையின் பாராட்டுப் பத்திரத்தில் அச்சிட்டிருந்தார்கள். கொடுத்தது இல்லத்தோட்ட ஊக்குவிப்பு ஒன்றியம் என்று புதிதாகத் தொடங்கிய ஒரு சங்கம். அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஒரு மனிதரைப் பற்றி ஒன்றும் தெரியாதபோது நல்லதாக நாலு வரி எழுதிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். செத்தவர்களுக்குக் கல்வெட்டென்று நினைவுமலர் அடிக்கிறபோதும் அப்படித்தான் அடிக்கிறோம்.

மீனாம்பிகைக்குச் செடிகள் பிடிக்காது. வெறுப்பு என்று சொல்லமுடியாது; வெறுக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். முற்றத்தில் ஒரு செடி பட்டுப்போனால், நெடுநாள் தங்கிய விருந்தாளி ஒருவழியாக பஸ் ஏறிப் போனதுபோல அவருக்கு இருக்கும். செடிகளோடு அவர் கதைத்ததில்லை. மனிதர்களோடு கதைத்தே அவருக்குத் தொண்டை நொந்துபோயிருந்தது. ஓய்வுகாலம் என்பதோ, எந்த உத்தியோகமும் பார்க்காத ஒருவருக்கு எந்தத் திகதியில் தொடங்கும் என்று ஒன்றியமும் சொல்லவில்லை.

அவர் இருந்த வீடு அவருடையதல்ல. கட்டுவனிலிருந்த அவருடைய சீதன வீட்டை நெடுங்காலம் இராணுவம் வைத்திருந்தது. பிறகு காணியை விடுவித்தார்கள். போய்ப் பார்த்தபோது கிணறு இருந்தது, வீட்டைக் காணவில்லை. அதனால் பண்டத்தரிப்பில், கணவன் சண்முகநாதனின் தமக்கை தில்லைநாயகிக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டிலேயே காவலுக்கு இருந்துவிட்டார்கள். தில்லைநாயகி லண்டனில். உண்மையில் அது லண்டனிலிருந்து அரைநாள் ரயிலில் போகவேண்டிய ஒரு குளிர்பட்டினம். ஆனால் பண்டத்தரிப்புக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான்.

அந்த வீட்டில் மீனாம்பிகை முதலில் மாமியைப் பார்த்தார். மாமி போனபிறகு மாமாவைப் பார்த்தார். மாமாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வந்தவர்கள் போய்ச் சட்டிபானை கழுவி வைத்த கையோடு சண்முகநாதனுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஒரே மகள் கொடிகாமத்தில் கலியாணம் செய்து, மரக்கறி மொத்த வியாபாரம் நடக்கும் ஒரு பெரிய வீட்டில் அவளும் தாயைப் போலவே ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தாள்.

மீனாம்பிகைக்கென்று உலகத்தில் இருந்த ஒரே சொத்து, மச்சாளின் அறை. தில்லை மச்சாள் வந்தால் தங்குவதற்கென்று பூட்டி வைத்த அறை அது. திறப்பு மீனாம்பிகையின் இடுப்பில் இருந்தது. மத்தியானம் மனிசனுக்குச் சோறும் குளிசையும் கொடுத்து முடிந்ததும், "மச்சாளின்ரை அறையை ஒருக்காத் தூசு தட்டிப்போட்டு வாறன்" என்று சொல்லி உள்ளே போவார். கதவைச் சாத்துவார். வெறும் சீமெந்து நிலத்தில் மல்லாந்து கிடப்பார். நித்திரை கொள்வதில்லை. நித்திரைகூட ஒரு வேலைதானே, எழும்பவேண்டுமே. ஒன்றும் செய்யாமல் கிடப்பார். அவ்வளவுதான். மணிக்கணக்கில் தூசு தட்டியும் அந்த அறையிலிருந்து தும்புத்தடியின் சத்தம் ஒருநாளும் கேட்கவில்லை என்பதைச் சண்முகநாதன் கவனித்தாரோ தெரியாது. கவனித்திருந்தால், அதுதான் அவர் வாய்திறக்காமல் விட்ட ஒரே விசயம்.

இந்த நிலையில் தில்லைநாயகி டப்னிச் செடியோடு வந்து இறங்கினார்.

தில்லைநாயகியின் கணவர் அதற்கு முந்திய வருசம் காலமாகியிருந்தார். லண்டன் வீட்டு வாசலில் அவர் நட்டுவைத்த செடி அது. முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத குட்டை இனம். தோல்போலத் தடித்த சின்ன இலை, கொத்துக்கொத்தாக வெள்ளையும் ரோசாவும் கலந்த பூ. மற்ற மரமெல்லாம் மொட்டையாக நிற்கும் கடுங்குளிரில் இது மட்டும் பூக்கும். தெருவால் போகிறவர்களை நிறுத்துகிற வாசம். இத்தனை நல்ல குணத்துக்கும் ஈடாக, இலையும் காயும் பட்டையும் நஞ்சு. வேரில் கைவைத்துப் பெயர்த்து நட்டால் கோபிக்கும். தண்ணீர் குறைந்தால் வாடும், கூடினால் அழுகும். ஒரு காரணமும் சொல்லாமல் திடீரென்று சாகவும் சாகும். தில்லைநாயகியின் கணவரைத் தெரிந்தவர்கள், செடி அவரைப்போலத்தான் என்று சொல்லுவார்கள்.

வீட்டை விற்று, மகன் வாகீசனோடு போய் இருக்கவேண்டி வந்தபோது தில்லைநாயகி அந்தச் செடியிலிருந்து ஒரு தடியை வெட்டி வேர்பிடிக்க வைத்தார். வேர்ப்பந்தைக் கணவரின் கம்பளித் தொப்பிக்குள் வைத்துக் கட்டி, கைப்பைக்குள் மறைத்துக் கொண்டுவந்துவிட்டார். விமானநிலையத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பார், ஆகவே கேட்காதது அவர்களுக்கும் நல்லதாய்ப் போயிற்று.

மாசியில் திரும்பிப் போகிற அன்று, செடியைச் சாடியோடு வாசற்படியில் வைத்துவிட்டு, தம்பியையும் மீனாம்பிகையையும் கூப்பிட்டார்.

"மீனா, நான் இஞ்சை வந்து இருக்கிறதோ, அங்கை வாகீசனோடையே கிடக்கிறதோ எண்டு எனக்கு ஒரு முடிவும் எடுக்கேலாமல் கிடக்கு. எல்லாரும் பிள்ளையாருக்கு முன்னாலை பூக்கட்டிப் பார் எண்டுகினம். எனக்கு உந்தச் செடிதான் பூ. அடுத்த மார்கழி வரைக்கும் நிண்டுதெண்டால், அவர் என்னை ஊரிலை போய் இரு எண்டு சொல்லுறார். நான் எல்லாத்தையும் விட்டிட்டு வந்திடுவன். பட்டுதெண்டால், வரவேண்டாம் எண்டு அர்த்தம்."

சண்முகநாதன் சாய்மனைக் கதிரையிலிருந்து சொன்னார்: "பூக்கட்டினா ரெண்டு நிமிசத்திலை தெரிஞ்சிடுமக்கா. சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலை, வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலை வைச்சு, ஒரு சின்னப்பிள்ளையை எடுக்கச் சொன்னாச் சரி. உதுக்கு வருசம் முழுக்க ஆர் தண்ணி ஊத்துறது?"

"ஏன்? மீனா இருக்கிறா தானே."

"மீனா இருக்கிறா தானே" என்பது அந்தக் குடும்பத்தில் கன காலமாக ஒரு வசனமாக இல்லை; கூரைபோல ஒரு ஏற்பாடாக இருந்தது.

பனிநாட்டுச் செடியைக் கொண்டுவந்து பண்டத்தரிப்பு வெயிலில் வைத்துவிட்டு, அது உயிரோடிருந்தால் வருகிறேன் என்று சொல்வது, வருவதில்லை என்று ஏற்கெனவே முடிவெடுத்த ஒருவர் செய்கிற காரியம். அல்லது வரவேண்டுமென்று மிகவும் ஆசைப்பட்டு, அதைத் தன் வாயால் கேட்க வெட்கப்படுகிறவர் செய்கிற காரியம். மச்சாள் இதில் எந்த வகை என்று மீனாம்பிகைக்குத் தெரியவில்லை. ஆனால் மற்றக் கணக்கு நன்றாகத் தெரிந்தது. மச்சாளுக்குச் சீனி கூடிய சலரோகம், ரெண்டு முழங்காலும் நோ. செடி நின்றால் மச்சாள் வருவார்; பார்க்கவேண்டிய ஆட்கள் ஒன்று கூடும்; மத்தியானத்து அறை போய்விடும். செடி பட்டால் அறை நிற்கும். செடி படுவதற்கு மீனாம்பிகை செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. உலகத்தில் அவர் செய்ய மிகவும் ஆசைப்பட்டதும் அதுதான். இவ்வளவு வசதியான பாவம் லேசில் ஒருவருக்கு வாய்க்காது.

பங்குனி வெயிலில் செடி தலையைத் தொங்கப்போட்டது. அன்று மீனாம்பிகை அறைக்குள் போய் நிலத்தில் கிடந்தார். சீமெந்து வழமைபோலக் குளிர்ந்துதான் இருந்தது. ஆனால் கிடக்க முடியவில்லை. செடியின்மேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் ஒன்றியத்தார் சந்தோசப்படுவார்கள்; அப்படி ஒன்றும் வரவில்லை. வீட்டில் ஏதோ ஒன்று வாடிக்கொண்டிருக்கும்போது கிடந்து அவருக்குப் பழக்கமில்லை. எரிச்சலோடு எழும்பிப் போய்ச் சாடியைத் தூக்கினார்.

கிணற்றுத் தண்ணீர் உவர். இரண்டு தரம் ஊற்றியதற்கே இலையின் ஓரம் கருகியது. ஆகவே உவரில் வேகாத பருப்பை அவிக்கவென்று பீப்பாய்ப் பரலில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரை ஊற்றினார். மாமி பாவித்த பெரிய பானை ஒன்றுக்குள் மணலை நிரப்பி, அதற்குள் சாடியை இறக்கி, மணலை ஈரமாக வைத்தார். குளியலறைச் சுவரோடு, வெயில் எட்டிப்பார்க்காத மூலையில் வைத்து, மேலே தென்னோலைக் கிடுகு சாத்தினார். சோளகக் காற்று எழும்பிப் புழுதி அடித்தபோது பழைய சீலையொன்றை நனைத்துச் சுற்றிவரத் தொங்கவிட்டார். இதெல்லாம் அவர் எங்கும் படித்ததல்ல. காய்ச்சல்காரருக்கு என்ன செய்வாரோ அதையே செய்தார். வேறொன்றும் அவருக்குத் தெரியாது.

"இஞ்சாருமப்பா, செடிக்கு மழைத்தண்ணி, எனக்குக் கல்லுப் பருப்போ?" என்று கேட்டார் சண்முகநாதன். "இந்தப் பாரிசவாதத்துக்கு ஒரு கிடுகு கட்டித் தந்தனீரோ எனக்கு?"

"நீங்களும் வாய் பேசாமல் நிண்டால் கட்டித் தாறன்."

பக்கத்துவீட்டுத் தம்பிராசா வைரவர் கோயிலுக்குப் பூக் கொண்டுபோகிறவர். விடியமுதல் எழும்பி ஊரார் வேலியெல்லாம் பூப் பிடுங்குவார். சாமிக்கென்றபடியால் யாரும் கேட்கமுடியாது. அவர் ஒருநாள் கிடுகைத் தூக்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, உது எப்ப பூக்கும்?"

"தெரியாதண்ணை. பூத்தாலும் பிடுங்கேலாது. நஞ்சாம். மணந்து பாக்கத்தான் உதை வளக்கிறவையாம்."

"மணந்து பாத்த பூவைச் சாமிக்கு வைக்கேலாதே."

"சாமிக்கில்லை. மச்சாளின்ரை மனிசனுக்கு."

"அந்தாள் செத்தெல்லோ போச்சு."

"ஓம். அவர்தான் கேக்கிறார்."

தம்பிராசா கிடுகை மெல்ல மூடிவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தப் பக்கம் அவர் பூவுக்கு வரவில்லை.

ஒவ்வொரு பின்னேரமும் தில்லைநாயகி வீடியோவில் வருவார். மீனாம்பிகை போனைச் செடிக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். "கீழ் இலை பழுத்திருக்கோ? திருப்பிக் காட்டும். தண்ணி கூட விட்டிடாதையும்." எல்லாவற்றையும் அவர் குசுகுசுத்துத்தான் சொன்னார். ஏன் என்று மீனாம்பிகை ஒருநாள் கேட்டார். "பக்கத்தறையிலை பேரன் படிக்கிறான், அதுதான்" என்றார். செடி ஆவணி வரை பிடித்துக்கொண்டது. வளரவில்லை, பூக்கவில்லை, சாகவுமில்லை. மீனாம்பிகையைப்போலவே நின்றது.

அந்த நாட்களில்தான் ஒன்றியத்து இளைஞன் கீர்த்திகன் மோட்டார் சைக்கிளில் வந்தான். தம்பிராசா வீட்டுக் கீரைப் பாத்தியைப் பார்க்க வந்தவன், வேலிக்கு மேலால் ஈரச்சீலை கட்டிய பானையைக் கண்டுவிட்டு இங்கே நுழைந்தான்.

"அன்ரி, உது என்ன மூலிகை?"

"மூலிகையில்லைத் தம்பி. அதின்ரை பேர்கூட எனக்கு வடிவா வாயிலை வராது."

தன்னடக்கம் என்று அவன் மனதில் பதிந்துகொண்டது முகத்தில் தெரிந்தது.

"எவ்வளவு ஆசையா வளக்கிறியள்!"

"எனக்குத் தோட்டமெண்டாலே பிடிக்காது."

கீர்த்திகன் சிரித்தான். "பிடிக்காமலோ அன்ரி இவ்வளவும் செய்யிறியள்?"

"நான் எல்லாம் பிடிக்காமல்தான் தம்பி செய்யிறனான்."

அவன் இன்னும் பலமாகச் சிரித்தான். நஞ்சற்ற வீட்டுத்தோட்டம் என்ற பிரிவில், உச்சிமுதல் வேர்வரை நஞ்சான ஒரேயொரு செடிக்காக மீனாம்பிகைக்குப் பத்திரம் கிடைத்தது. பத்திரம் கொடுத்த கூட்டம் முடிய நேரமானபடியால் அன்று மத்தியானம் அறைக்குள் போகமுடியவில்லை. அந்தப் பாராட்டால் நேர்ந்த மெய்யான நட்டம் அதுதான்.

ஐப்பசியில் மழை தொடங்கியது. ஊருக்கே மூச்சு வந்தது. "இனி உமக்குப் பயமில்லை, மழை பாத்துக்கொள்ளும்" என்றார் சண்முகநாதன். கோடை முழுக்கத் துளித்துளியாக வாங்கிக் குடித்த செடிக்கு ஒருதரமாவது வயிறு நிறையக் கிடைக்கட்டும் என்று மீனாம்பிகையும் நினைத்தார். கிடுகையும் சீலையையும் கழற்றி, பானையை நடு முற்றத்தில் வைத்தார். உவர்த் தண்ணீர் ஊரில் பிறந்தவர் எவரும் அப்படித்தான் செய்திருப்பார். மழையால் ஒன்று கெடும் என்பது எங்களுக்கு நம்பமுடியாத சங்கதி. பானைக்கு அடியில் துவாரம் கிடையாது. கார்த்திகை மழையில் மணல் குளமானது. மேலே இலையெல்லாம் கழுவித் துடைத்ததுபோலப் பச்சையாக நின்றன.

பிறகு ஒரு காலை முழுச்செடியும் தொங்கிப்போயிருந்தது. அடுத்த நாள் பச்சை இலையாகவே கொட்டியது. மீனாம்பிகை நகத்தால் தண்டைச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே பச்சை இல்லை, கபிலமாயிருந்தது.

முதலில் வந்தது ஆறுதல்தான். அதை மறைத்து ஆவதொன்றுமில்லை. மத்தியானம் போய் அறையில் கிடந்தார். மழைக்குச் சீமெந்து இன்னும் குளிர்ந்திருந்தது. இனி இது தனக்குத்தான். கண்ணை மூடிக்கொண்டார்.

மழைக்குச் சில நாட்களாகச் சிக்னல் ஒழுங்காக இல்லை. அது திரும்பிய பின்னேரமே தில்லைநாயகி வந்தார்.

"செடியைக் காட்டும், பாப்பம்."

"மச்சாள், அது பட்டுப்போச்சு."

தில்லைநாயகி அழவில்லை. போனை எதிலோ சாத்திவைத்துவிட்டு மடியில் எதையோ செய்துகொண்டிருந்தார். மீனாம்பிகை அன்றுதான் அந்த அறையை ஒழுங்காகப் பார்த்தார். பின்னால் கூரைவரைக்கும் பெட்டிகள். கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவில் உடுப்புக்கு ஸ்திரி போடுகிற மேசை. மடியில் ஒரு குவியல் காலுறை, பெரியவர்களுடையதும் பிள்ளைகளுடையதும். தில்லைநாயகி அவற்றைச் சோடி பார்த்துப் பார்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லது" என்றார் குசுகுசுத்து. "அப்ப அவர் சொல்லிப்போட்டார். வரவேண்டாமாம். நல்லது."

"மச்சாள்..."

"உம்மைக் குறைசொல்லேலாது. நான் பாத்துக்கொண்டுதானே இருந்தனான். நீர் குழந்தைப்பிள்ளை மாதிரிப் பாத்தனீர். அவ்வளவு பாத்தும் போச்செண்டால், அது அவரின்ரை சொல்லுத்தானே."

அடுத்த காலுறையை எடுத்தார். அதற்குச் சோடி இல்லை. குவியலைக் கிளறினார். போனை வைக்கவில்லை. களைத்துப்போன ஆள் எப்படியிருக்கும் என்று மீனாம்பிகைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் மச்சாளிடம் அதை அவர் கண்டது இதுதான் முதல்தரம். அந்த அறையில் கிடப்பதற்கு நிலம்கூட இல்லை என்பதையும் கண்டார்.

"மச்சாள், அவர் ஒண்டும் சொல்லேல்லை" என்றார். "நான்தான் பட்டுப்போக விட்டனான்."

"என்ன சொல்லுறீர்?"

"நீங்கள் போனிலை கோல் எடுக்கிற நேரம் பாத்துத்தான் தண்ணி தெளிச்சுப்போட்டுக் காட்டினனான். மற்ற நேரத்திலை திரும்பியும் பாக்கிறேல்லை. சிக்னல் இல்லாத நாளிலை மழை படாத மூலையிலை விட்டிட்டு ஒரு சொட்டும் ஊத்தேல்லை. மறந்துபோனன். உங்கடை அவருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை."

சாய்மனைக் கதிரையிலிருந்து சண்முகநாதன், "என்னப்பா உப்பிடி அண்டப்புளுகு..." என்று தொடங்கினார். மீனாம்பிகை போனைத் தாழ்த்தாமலே மற்றக் கையை அவர் பக்கம் நீட்டினார். வாழ்நாளில் இரண்டாந்தரமாக அவர் வாயை மூடினார்.

"அடி பாவி!" தில்லைநாயகி கத்தினார். பேரன் படிக்கிற வீடென்பது அவருக்கு மறந்துபோயிற்று. "உம்மை நம்பியெல்லோ விட்டிட்டு வந்தனான்! அவரின்ரை கையாலை வைச்ச செடி. ஒரு செடிக்குத் தண்ணி ஊத்த வக்கில்லாத மனிசி, வீட்டை என்ன கோலத்திலை வைச்சிருப்பீர்? என்ரை அறை இப்ப கோழிக்கூடாய் இருக்கும்!"

"தூசுதான் மச்சாள். கொஞ்சம் கூடத்தான்."

"வாறன். வந்து பாக்கிறன். வாகீசனிட்டை இண்டைக்கே பிளேன் ரிக்கெற் போடச் சொல்லுறன். உம்மை நம்பி இனி ஒண்டையும் விடேலாது, நானே வந்து இருந்தாத்தான் சரிவரும்."

கோல் அறுந்தது. மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது.

சண்முகநாதன் மனைவியின் பக்கம் திரும்பினார். "பொய் சொல்லி ஏச்சிலை இருந்து தப்பின ஆக்களைக் கண்டிருக்கிறன். பொய் சொல்லி ஏச்சு வாங்கின ஆளை இப்பத்தான் காணுறன். அக்கா வந்தா ஆர் பாக்கிறது?"

"நான் இருக்கிறன் தானே" என்றார் மீனாம்பிகை. "தேத்தண்ணி போடட்டோ?"

மார்கழி பிறக்கமுதல் தில்லைநாயகி வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து ஏசிக்கொண்டும் இருக்கிறார், நல்ல பெலத்த குரலில். மீனாம்பிகை அந்தச் செடியைப் பட்டுப்போக விடவில்லை. விட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, மச்சாளின் அறையைக் கழுவி, கட்டிலுக்குத் துணி விரித்து, திறப்பைக் கதவிலேயே விட்டார்.